'பெற்றுள்ளனர்' என்றொரு சொல்

அம்பத்தூரில் மின் ஸ்கூட்டர் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றுக்குத் தமிழ் விளம்பரங்களைத் திருத்திக் கொடுத்துவருகிறேன். சென்ற ஆண்டு அவர்கள் அனுப்பிய ஓர் அறிவிப்பில், 'ஆயிரக்கணக்கானோர் எங்கள் வண்டியை பெற்றுள்ளனர்' என்றிருந்தது. அவர்கள் பெற்றவர்கள் அல்லர். பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள். அது எனக்குத் தெரியும். நாளொன்றுக்கு முழுமையடைந்து வெளிவரும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதை அங்கே சென்றபோது நேரிலேயே கண்டிருந்தேன். பதிந்தவர்களிலும் பலர் வேறு நிறுவனங்களிலும் பதிந்து வைத்திருப்பவர்கள். முறை வந்ததும் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை என்று விற்பனைப் பிரிவினர் சிரித்தபடி சொல்லியிருந்தனர்.

ஆயினும் என் கண்ணை உறுத்தியது வேறொன்று. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிக வேண்டும். 'வண்டியைப்' என்று ஒற்றெழுத்தைச் சேர்த்து அனுப்பிவைத்தேன். பொய்யொன்றைப் பிழையறத் திருத்தியிருந்தேன்.

கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வீடுவீடாக உணவு கொண்டுசேர்க்கும் ஒருவர் மனைவியுடன் வசிக்கிறார். அந்த அறிவிப்பைப் பார்த்து, இத்தனை பேருக்குக் கொடுத்தவர்கள் தமக்கும் விரைவில் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி, பெட்ரோல் வண்டியை விற்றுப் பெயர் பதிந்துவிட்டார். மாதங்கள் கழிந்தன. வாடகை வண்டியில் ஓடினார். கிடைத்ததில் பெரும்பகுதி வாடகைக்கே போயிற்று.

ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "இன்னா அண்ணாத்தே, அம்பத்தூர்லேர்ந்து கொரட்டூர் வர்றதுக்கு காசி, ராமேஸ்வரம்லாம் சுத்திக்கினு வருதா வண்டி?"

சிரிக்க முயன்றேன். "பழைய வண்டிய ஏன் அவசரப்பட்டு வித்தீங்க?" என்றேன்.

"நீங்க பார்த்துக் குடுக்கிற வெளம்பரம்னு சொன்னீங்களே. உங்க கைபட்டா தப்பு இருக்காது, தைரியமா வித்துடுன்னு ஊட்லதான் சொல்லிச்சு."

அதற்குமேல் மறைக்க என்னால் இயலவில்லை. "அது வண்டி வாங்கினவங்க கணக்கு இல்ல. காத்திருக்கிறவங்க கணக்கு. அவங்க செய்யறது ரொம்பக் கொஞ்சம்."

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் வையவில்லை. தலைக்கவசத்தின் வாரைச் சற்றுநேரம் இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சொன்னா ஊட்ல நம்பாது. வண்டி வித்த துட்ட குடிச்சுட்டு கத வுடுறேன்னும். நீங்களே வந்து சொல்லுங்க," என்றார்.

அவருக்குப் பின்னால் படியிறங்கினேன். அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"உக்காருங்க சார். வண்டி வந்துடுச்சா?"

அவர் கணவர் வாயிலிலேயே நின்றுகொண்டார்.