அஞ்சிலிருந்து இறங்குதல்

எங்கள் வீட்டு வைஃபைக்கு இரண்டு பெயர்கள். ரெண்டு என்று முடிவது ஒன்று, அஞ்சு என்று முடிவது இன்னொன்று. அஞ்சு வேகம், ரெண்டு மந்தம். ரவுட்டரை மாட்ட வந்தவர் என்னவோ விளக்கினார்; யார் காது கொடுத்துக் கேட்டோம்? லோக்கல் ரயிலில் ஃபாஸ்ட், ஸ்லோ மாதிரி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அன்றிலிருந்து வீட்டில் ஏறுவதும் இறங்குவதும்தான் பேச்சு. "நீ ரெண்டுக்கு எறங்கு, நான் அஞ்சுல ஏறணும்" என்று தினம் ஒரு சண்டையாவது நடக்கும்.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் இரும்பு ஏணி. கீழே மாமனார், மாமியார், கொழுந்தன், வைஃபையில் ஓடுகிற டிவி. மேலே நானும் கணவரும் பிள்ளையும். ரவுட்டர் ஏணியின் உச்சியில் ஆணியில் தொங்கியது.

பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள் நான். அதன்பின் எத்தனையோ இடங்களுக்கு எழுதிப்போட்டு, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கடைசிச் சுற்று இன்டர்வியூ வரை வந்திருந்தது. வீட்டு நெட் தடங்கலே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை. இதையும் விட்டால் இனி யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நிஜமாகவே பயந்தேன்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரிடமும் அறிவித்தேன். "நாளைக்குச் சாயந்தரம் எனக்கு இன்டர்வியூ. அஞ்சுலருந்து எல்லாரும் எறங்கிரணும்."

கொழுந்தன் தலையாட்டினான். மாமா, "அதுக்கென்ன தாயி, எறங்கிருதோம்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு மேலே மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாஹிமில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். கணவரும் கொழுந்தனும் வேலைக்குப் போயிருந்தார்கள். திரையில் ஒரு பெண் சிரித்தாள். கேமராவை விட்டு நகரக்கூடாது, மைக்கை அணைக்கக்கூடாது என்றாள். சரி என்றேன்.

இரண்டாவது கேள்வியில் அவள் முகம் வாய் திறந்தபடியே நின்றது. அப்போதுதான் கீழே கிரிக்கெட் ஓடும் சத்தம் எனக்கு உறைத்தது. டிவி! அது இன்னும் அஞ்சில் இருந்தது. முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, காலால் தரையைத் தட்டினேன். மாமாவுக்கு அது எப்படிக் கேட்கும்? கத்தினால் அவளுக்குக் கேட்கும், எழுந்தால் தெரியும், நான் ரெண்டுக்கு மாறினால் அழைப்பே அறுந்துவிடும். "உங்கள் குரல் விட்டுவிட்டு வருகிறது" என்று இங்கிலீஷில் சொன்னாள். சொன்னதையே திரும்பச் சொன்னேன். மறுபடி உறைந்தது. கீழே யாரோ அவுட்டாகி ஊரே ஆர்ப்பரித்தது.

மூன்றாம் முறை திரை மீண்டபோது அவள் சிரிக்கவில்லை. வேறொருவரைப் பார்க்கிறோம், உங்கள் நேரத்துக்கு நன்றி என்றாள். கெஞ்சினேன், வெட்கத்தை விட்டு. அழைப்பு முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. பிறகு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. இன்றைக்கு மரியாதையாவது மண்ணாவது என்று ஏணியில் தடதடவென்று இறங்கினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். மேட்ச் முடியவில்லை.

"மணி அஞ்சாயிட்டுல்லா? நீ சொன்னது ஞாபகம் இருக்கு. அஞ்சுலருந்து ஒருத்தரும் மேல இருக்க மாட்டோம், ஒரு சத்தம் வராது. நீ போய் தைரியமாப் பேசு தாயி."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தில் பந்து விளையாடிய பிள்ளைகளைச் சத்தம் போடக்கூடாது என்று அதட்டினார்.

"ஏலே, ஷோர் மத் கரோ! மேல என் மருமவளுக்கு இன்டர்வியூ நடக்கு."

நான் மேலே ஏறினேன். அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காதில் விழுகிற மாதிரி உரக்க, என் படிப்பையும் அனுபவத்தையும் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன்.