நான் திருத்திய ஊர்ப்பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு இரும்புக் கம்பி மொத்தக் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

கம்பி இறக்க வடக்கிலிருந்து ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தொழிலாளர் அட்டைக்கான அவருடைய விண்ணப்பத்தை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. அவர் மாவட்டத்தின் பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதித்துவிட்டேன். அங்கே உள்ள உருக்காலையில்தான் அப்பா வேலை பார்த்தார். நான் பிறந்து வளர்ந்ததே அந்த ஆலை நகரத்தில். அகலமான தெருக்கள், குவார்ட்டர்ஸ், பூங்கா, அவ்வப்போது முளைக்கும் புது செக்டர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அளப்பவள் நான்.

"ஓ, ஊர்க்காரரைக் கண்டுபிடிச்சாச்சாக்கும்! இனி இன்னிக்கு பில்லு போட்ட மாதிரிதான்" என்று முதலாளி கிண்டலடித்தார்.

பிறந்த இடம் என்று கேட்டபோது அவர் ஒரு பெயரைச் சொன்னார். அதை அப்படியே எழுத வேண்டும் என்று இந்தியில் அழுத்திக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு ஊரே அங்கே கிடையாது, எனக்குத் தெரியாதா! எந்தப் பக்கம் என்று விசாரித்தால், பெரிய பள்ளிக்கூடம் இருக்கும் இடம் என்றார். அட, எங்கள் செக்டர் நான்கு! என் முந்திரிக்கொட்டைத்தனம், அதையே எழுதி அனுப்பிவிட்டேன். உதவி செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அட்டை வந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"எங்க ஊர் பேரு இல்லையா மேடம்?"

அங்கே இப்போது செக்டர்தானே என்று ஏதோ சமாளித்தேன். ஆலையை விரிவாக்கியபோது ஊரையே காலி செய்தார்களாம். அவருக்கு அப்போது எட்டு வயது. ஊர்க்காரர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

"இப்ப பள்ளிக்கூட மைதானம் இருக்கிற எடத்துலதான் எங்கம்மாவைப் புதைச்சோம். ஊர் பேரு எங்கேயாவது ஒரு எடத்துல எழுதி இருக்கட்டும்னு பார்த்தேன்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நான் பத்து வருடம் ஓடி விளையாடிய மைதானம் அது.

மறுநாள் திருத்தப் படிவத்தோடு கடைக்குப் போனேன். "கம்பி இறக்குற ஆளுங்களை கான்ட்ராக்டர் வேற எடத்துக்குக் கொண்டுபோயாச்சு" என்றார் முதலாளி. போனிலும் கிடைக்கவில்லை.

சரி, நாமே எழுதி வைப்போம் என்று பேனாவை எடுத்தேன். அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அன்று காதில் வாங்கியிருந்தால்தானே! சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு வாய் எழுவதில்லை. நான் பிறந்த மண்ணின் பெயர் என் மேசைவரை வந்து, என் கையால்தான் தொலைந்தது.