பிந்தி வரும் நன்றி

பெருநகர் என்ற கிராமத்தின் கிறிஸ்தவ சபையில் பாட்டுகளுக்கு இசை அமைத்துக் கொடுப்பவள் சுகிர்தா. வாரமெல்லாம் செருப்புக் கம்பெனியில் தையல் மெஷின், சனிக்கிழமையானால் கீபோர்டு. யூடியூபில் வரும் புதுப் பாட்டை, ஊர்ப் பெண்களின் குரலுக்கு எட்டும்படி சுருதி இறக்கி, யார் மேலே பாடுவது, யார் கீழே, தபேலா எங்கே என்று பிரித்துக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரே தலைவலி, பாட்டுக் குழுவில் இருந்த சிட்டம்மாள்தான். எல்லோரும் "நன்றி" என்று முடித்த பிறகே அவள் "நன்றி" கணீரென்று கிளம்பும். நடவு வயலில், ஒருத்தி எடுத்துக் கொடுத்த அடியைக் கேட்டுவிட்டுத் திருப்பிப் பாடிய பழக்கம். சுகிர்தா கத்தியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் பாட்டையே மாற்றினாள். அந்த இடத்தில் வாத்தியங்களை நிறுத்தி, அந்தக் குரல் தனியாக வர வழிவிட்டாள். பாட்டுக்கு உயிரே அங்கேதான் வந்தது. சொன்னால் கூச்சப்படுவாள் என்று சிட்டம்மாளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகையன்று எல்லோரும் "நன்றி" என்றார்கள். வாத்தியங்கள் நின்றன. விட்ட இடம் காலியாகவே கிடந்தது.

ஆராதனை முடிந்ததும் சிட்டம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"இன்னிக்கி கரெக்டா பாடிட்டேன் பாத்தியா? இத்தினி நாளா நான் மட்டும் தனியா கத்தறது எனக்கே கேட்டுச்சும்மா. களை எடுக்கசொல்லகூட பாடிக்கினே இருந்தேன். உன்ன இனிமே பேஜார் பண்ணக் கூடாதுல்ல?"

சுகிர்தா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கரெக்டாதான் பாடின, பெரிம்மா. ஆண்டவர் கேட்டுக்கினாரு. எனக்காக ஒரே ஒரு தபா லேட்டா பாடேன்."