பாரம் இருந்தால்தான் ஓட்டம்

சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தோளில் சுமந்து ஓடுகிறவர் அவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. வெறுங்கையோடு போகும்போதும், பல்லக்கு மேலே இருப்பதுபோல அந்தத் தோளைச் சாய்த்தே நடப்பார். கருட சேவையன்று அவர் ஓட்டத்துக்குக் குதிரைவண்டிகளே ஒதுங்கி நிற்கும்.

ஒருநாள் காலை நானும் அவரும் ரயிலடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி ஊதியது. ஓடினோம். இருபதடி போவதற்குள் அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"மேல பாரம் இல்லாம ஓடினா மூச்சு வாங்குது தம்பி. அந்தப் பொட்டிய இப்படிக் குடு."

என் தகரப்பெட்டியை அவர் தோளில் ஏற்றினேன். இடது கையை இடுப்பில் ஊன்றினார். அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. சன்னலோரம் என் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெறுங்கையோட ஓடியாந்தா இப்படித்தான்பா," என்று பரிதாபப்பட்டுக்கொண்டே போனார்.

அடுத்த வண்டியில் போனேன்; பெட்டியை வாலாஜாபாத் ஸ்டேஷனில் பத்திரமாக இறக்கி வைத்திருந்தார். அவர் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஓட நேரும்போதெல்லாம், கனமாக ஏதாவது அகப்படுமா என்று என் கண் தேடுகிறது.