உள்ளே விட்டார்களா

கம்போடியாவில், அங்கோர் வாட் கோயிலின் உச்சிக்குப் போகும் செங்குத்தான படிக்கட்டின் கீழே வரிசையில் நின்றபோது அம்மா வீடியோ கால் செய்தாள். எனக்குப் பின்னால் கம்பெனி நண்பர்கள் இருவர். ஒருவன் ஓசூரிலேயே பிறந்தவன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். இன்னொருவன் மத்தூர்க்காரன், மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். அவனுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான்.

அதனாலேயே அவனை நான் வீட்டுக்குக் கூட்டிப்போனதில்லை. சனிக்கிழமைகளில் அவனுடைய பைக்கில்தான் ஊருக்குப் போவேன். ஹைவே டீக்கடையிலேயே இறங்கிக்கொள்வேன். "வீடு வரைக்கும் உட்டுட்டுப் போறன்டா" என்பான். "ரோடு சரியில்ல மச்சான்" என்பேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தெரு ஊரின் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அவன் அக்கா வாழப்போனது கோயில் தர்மகர்த்தா வீடு. அந்தக் கோயிலின் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் என் அம்மா இன்றைக்கும் கும்பிடுகிறாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விமானம் ஏறிய முதல் ஆளும். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் அம்மா தலைக்குக் குளித்து, துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைத் திருப்பிக் கோயிலைக் காட்டினேன்.

"எம்மாம் பெருசுடா! நீ ஏன் கீழயே நிக்கிற?"

"செக்கிங்மா. பாத்துதான் மேல அனுப்புவாங்க."

தோளும் முட்டியும் மூடியிருக்கிறதா என்று அங்கே ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைச் சொல்வதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"உன்ன உள்ள உடுவாங்களாடா?"

ஸ்பீக்கரில் கேட்டது. ஓசூர்க்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா உட மாட்டாங்க? டிக்கெட் எடுத்திருக்கோம்ல! உடலைன்னா ரீஃபண்டு கேப்போம்."

அம்மா சிரிக்கவில்லை. "உடலைன்னா வெளிய நின்னே கும்பிட்டுட்டு வந்துருடா. தெரியாத ஊர்ல சண்ட கிண்ட போடாத."

"சிக்னல் இல்லம்மா" என்று கட் செய்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.

"உங்கம்மா செம காமெடிடா" என்றான் ஓசூர்க்காரன்.

"நீ சும்மா இருடா" என்றான் மத்தூர்க்காரன். தொப்பியைக் கழற்றி மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மேலே யாரும் எங்கேயும் போகலாம். புத்தர் சிலைக்குக் கையெட்டும் தூரத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. மத்தூர்க்காரன் பக்கத்தில் நின்றான். நான் கூப்பிடவில்லை. செல்ஃபி எடுத்தோம். அதில் மூன்று பேரும் சிரிக்கிறோம்.

திங்கட்கிழமை லீவு. மத்தூர்க்காரன் ஓசூரில் விட்டிருந்த பைக்கில் அவனும் நானும் ஊருக்குக் கிளம்பினோம். டீக்கடை வந்ததும் அவன் நிறுத்தாமல் இண்டிகேட்டர் போட்டு ஊர்ப்பக்கம் திருப்பினான்.

"இங்கியே நிறுத்து மச்சான்."

"வீட்டாண்ட உடறன்டா. அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறன்."

"ரோடு சரியில்ல."

அவன் ரோட்டைப் பார்த்தான். போன மாதம் போட்ட தார். நிறுத்தினான். நான் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் வண்டியைத் திருப்பி ஹைவேயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உட்டாங்களா?"

"உட்டாங்கம்மா. சாமிக்குப் பக்கத்துலயே."

"அப்ப போன் போட்டிருக்கலாமில்ல? நம்ம தெருவுல எல்லாரையும் கூட்டி உக்கார வெச்சிருந்தேன்." பையை வாங்கிக்கொண்டவள் என் பின்னால் தெருமுனை வரை பார்த்தாள். "ஃப்ரெண்டு பைக்குலதான வந்த? அந்தப் புள்ளய ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகச் சொல்றதுதானே?"

"அவனுக்கு அவசரம்மா" என்றேன்.