கூடாரத்தை இழுத்த சொல்

ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்கு எத்தனை வேலைகள் உண்டு என்பது எனக்கு முதன்முதலில் உறைத்தது, கற்பிட்டிக் கடற்கரையில் பட்டாளத்துக் கூடாரம் ஒன்று என் தலைக்கு மேலே சாய்ந்து வந்தபோதுதான். உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிற காலம் இது. நான் சீனியர் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சவர்க்காரப் பெட்டியில் அச்சடித்த ஆங்கிலத்தைக்கூட விடாமல் வாசித்துத் திரிந்தேன்.

அன்று காலை ராத்தா, முக்காடு நழுவியதும் தெரியாமல் ஓடி வந்தார்.

"தம்பி, மச்சானப் பட்டாளத்துக்காரங்க புடிச்சி வெச்சிருக்காங்க. உளவாளியாம்! நாளைக்கு லொறியில கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம். நீ இங்கிலீசு படிச்சவன்தானே, வந்து கதை!"

அவர் கணவரான மச்சான் கரைவலைத் தொழிலாளி. மணல்மேட்டில் ஏறி, கண்ணுக்கு மேலே கையை வைத்து, மீன் கூட்டம் எங்கே வருகிறதென்று நெடுநேரம் பார்த்து நிற்பார். அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் புதிதாக முகாம் போட்டிருந்தார்கள்.

கூடாரத்துக்குள் இருந்த வெள்ளைக்கார அதிகாரி இளைஞர். நம் வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. நடந்ததை என்னிடம் பொறுமையாகவே சொன்னார். "இங்கே என்ன செய்கிறாய்?" என்று மச்சானைக் கேட்டிருக்கிறார். மச்சான் நெஞ்சை நிமிர்த்தி, "ஐ ட்றோ, சார்" என்றாராம்.

'ட்றோ' என்றால் படம் வரைவது. எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். முகாமைப் பார்த்துப் படம் வரைகிறவனை எந்த அதிகாரிதான் விடுவார்?

"தனியாகவா?" என்று அதிகாரி மேலும் கேட்டதற்கு மச்சானின் பதில், "மெனி மென், சார். எவ்ரி டே."

"எங்கே அனுப்புகிறீர்கள்?"

"பிக், கொழும்பு. ஸ்மோல், மை ஹவுஸ்."

"சார், இவருக்கு ஒரு கோடுகூடக் கீறத் தெரியாது" என்றேன். அது நிலைமையை இன்னும் கெடுத்துவிட்டது.

"செய்கிறேன் என்று அவன் சொல்கிறான். இல்லை என்று நீ சொல்கிறாய். யார் பொய் சொல்வது?" என்றார் அதிகாரி.

ராத்தா என் முழங்கையை இறுகப் பிடித்தார். "என்னா தம்பி சொல்றாரு?"

யார் பொய் சொல்வதென்று கேட்கிறார் என்றேன். மச்சானுக்கோ கோபம்; அவருக்கு நானும் மச்சான்தான். "என்ன மச்சான், நான் உள்ளதத்தானே சொன்னேன்? அதுக்கேன் எல்லாரும் மய்யத்து வீட்டுல இருக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

அதிகாரி ஒரு தாளையும் பென்சிலையும் மேசையில் தள்ளினார். "ட்றோ!"

மச்சான் பென்சிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இங்கயா? சரி, கேட்டாச் செஞ்சி காட்டத்தானே வேணும்" என்று சிரித்தார். பென்சில் உருண்டு விழாதபடி ஓரமாக வைத்தார். வெளியே போய்க் கூடாரக் கயிற்றைப் பிடித்தார். உள்ளங்கையில் துப்பி, குதிகாலை மணலில் ஊன்றி, "ஏலேலோ!" என்று ஓர் இழுப்பு.

கம்பம் முனகிக்கொண்டு சாய்ந்தது. கூடாரச் சீலை எங்கள் தலையில் இறங்கியது. காவல்காரர்கள் துவக்குகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். மச்சான் எதையும் கவனிக்காமல் அடுத்த இழுப்புக்கு மூச்சுப் பிடித்தார். கயிற்றில் இருந்த அந்தக் கைகளைப் பார்த்ததும்தான் எனக்குப் பளிச்சென்றது.

"நெட், சார்! ஹி ட்றோஸ் த நெட்!" என்று அலறிக்கொண்டு நானும் வெறுங்கையால் வலை இழுத்துக் காட்டினேன்.

துவக்குகள் தாழ்ந்தன. அதிகாரி சீலைக்குள்ளிருந்து வெளியே வந்து, மச்சானின் கைகளை விரித்துக் கயிறு உரசித் தடித்த தோலைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் பெட்டியொன்றில் உட்கார்ந்தேவிட்டார். அதுவரை அழாமல் நின்ற ராத்தா அப்போதுதான் அழுதார்.

"ஒங்களுக்கு இந்தச் சொல் எங்க கெடச்சது?" என்று மச்சானைக் கேட்டேன்.

"நம்ம புள்ளதான் பள்ளிக்கூடப் பாடத்துல படிச்சாள், மச்சான். மீன்காரங்க வலைய ட்றோ பண்றாங்கன்னு. நம்ம தொழிலு வெள்ளக்காரன் பொஸ்தகத்துல வந்திருக்கு. அதச் சொல்லாம வேற என்னத்தச் சொல்ல?"

கம்பத்தை நிமிர்த்த மச்சானே கைகொடுத்தார். அதிகாரி எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, திரைச்சீலையை இழுத்து மூடுவது, உறையிலிருந்து வாளை உருவுவது, சம்பளம் எடுப்பது, விளையாட்டில் யாரும் வெல்லாமல் முடிவது, எல்லாவற்றுக்கும் ட்றோதான் என்றார். நான் கோப்பையை நீட்டியதும் தடுத்து, தேயிலையில் சாயம் இறங்குவதும் ட்றோதான், கொஞ்சம் பொறு என்றார்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல மச்சானின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. "ஒத்தச் சொல்லப் போட்டு இந்த வேல வாங்குறாங்களே! பாவம், வெள்ளிக்கெழமையாவது அதுக்கு லீவு குடுக்கக் கூடாதா?"

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்ததும் அந்தத் துவக்குகள் நினைவுக்கு வருகின்றன. அன்று அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு, கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் மச்சானின் கூட்டாளிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். கயிறு, வாளி, பென்சில், தேத்தண்ணிப் பானை எல்லாம் தயார். பக்கத்தில் கூடாரம் ஏதும் இருக்கக் கூடாதென்று ராத்தா சொல்லிவிட்டார். முதற்பாடம் ஒரே ஒரு சொல். அதை அன்றைக்குள் முடித்துவிட முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.