கிணற்றடியில் ஒரு வருஷம்

என் அண்ணனிடம் கேம் பற்றி மட்டும் யாரும் வாயைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அன்றைய பொழுது போச்சு. நாற்பத்திரண்டு வயதாகி, தலையில் பாதி வழுக்கை விழுந்த பிறகும், சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தால் கை காய்ந்து போகும்வரை பேசுவான். சுடுவது, வெட்டுவது, கார் ஓட்டுவது எல்லாம் அவனுக்கு விளையாட்டே இல்லை. ஒரு கதை இருக்க வேண்டும், மண்டையைக் குடைய ஒரு புதிர் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் கட்டைவிரலுக்கு உடற்பயிற்சி என்பான்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக்கு மேலே மோட்டார் அறையில், கிரீஸ் அப்பிய கையோடு, கூட வேலை செய்கிறவர்களிடமும் இதே பேச்சுதான். அங்கே அவனுக்குப் புதிர் மாமா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "கேம்ல ஒருத்தன் பேசும்போதே பட்டனைத் தட்டித் தாவிப் போறது, அப்புறம் கதையே புரியலைன்னு புலம்பறது. இவனுங்களை எல்லாம் என்ன சொல்ல?" என்பான். "இப்ப வர்ற கேம்ல போற வழிக்கெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டறான். நான் என்ன கைக்குழந்தையா?" என்பான். கடைசியில் எல்லாம் கனவு என்று ஒரு கதை முடிந்துவிட்டால் போதும், மனுஷனுக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. அப்படி முடிந்த கேம் ஒன்றைச் செய்தவர்களுக்கே நாலு பக்கம் திட்டி எழுதினான். பதில் வரவில்லை. எப்படி வரும்?

அவனுடைய எல்லாச் சட்டங்களுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். "ஆடறவன் தப்புப் பண்ணினா கேம் அங்கேயே சொல்லிடணும். ஆரம்பத்துல நடந்த தப்பை மூடி மறைச்சு, கடைசி வரைக்கும் நடக்க விட்டு, அப்புறம் கதவைச் சாத்தறவன் அயோக்கியன். லிஃப்ட்கூட கோளாறுன்னா உடனே போர்டுல நம்பர் காட்டுது."

அந்த அயோக்கியன் நான்தான். இருபத்தொன்பது வருஷமாக அவனுக்கு அது தெரியாமலே இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது, அவனுக்குப் பதின்மூன்று. அப்பா ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, இரும்பு பீரோவுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் இடம் பிடித்தது. அதில் ஒரே ஒரு கேம். காணாமல் போன அப்பாவைத் தேடி ஒரு பெண் தீவுக்கு வருகிறாள். அந்த அப்பா அங்கே கலங்கரை விளக்கில் வேலை பார்த்தவர். திரையில் எல்லாம் ஆங்கிலம். அண்ணன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்வான். பாதி அகராதி, பாதி அவன் சொந்தச் சரக்கு என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பெண் இத்தனை கோபக்காரியாக இருக்கிறாளே என்று நான் வியந்ததெல்லாம் அவன் கைங்கரியம்.

அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை, சும்மா சொல்லவில்லை. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்காருவோம். கட்டம் போட்ட நோட்டில் அவன் தீவின் வரைபடம் போடுவான், பையில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று எழுதுவான். சாவி, தீப்பெட்டி, கம்பளிப் போர்வை, உடைந்த பேனா. கேமில் விட்ட இடம் ஒன்றை மட்டும்தான் சேமித்து வைக்க முடியும். புதிதாகச் சேமித்தால் பழையது அழிந்துவிடும். சேமிக்காமல் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அணைத்துவிட்டால் அன்று முழுக்க அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

ஒரு நாள் அவன் பரீட்சை எழுதப் போயிருந்தான். நான் தனியாக உட்கார்ந்து, சும்மா தீவைச் சுற்றலாம் என்று அந்தப் பெண்ணை ஆரம்பத்தில் வந்த படகுத்துறைக்கு நடத்திக்கொண்டு போனேன். அங்கே படகுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நடுங்கிக்கொண்டே நிற்கும். எப்போது போனாலும் நடுங்கும். பார்க்க மனசு கேட்கவில்லை. பையிலிருந்த போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்தேன். அது வாலை ஆட்டிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படகுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. அதற்கப்புறம் கண்ணிலேயே படவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நல்ல பிள்ளையாகச் சேமித்துவிட்டு அணைத்தேன்.

அந்த வாரமே அண்ணன் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டான். தோட்டத்தில் ஒரு பாழுங்கிணறு. அப்பாவைப் பற்றிய உண்மை அதன் அடியில் இருக்கிறது. இறங்கத்தான் வழியில்லை. அவன் நோட்டைப் புரட்டினான். "குட்டி, போர்வையை எங்க விட்டோம்?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாதுண்ணா" என்றேன். அவ்வளவுதான். நோட்டில் 'போர்வை' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

ஒரு வருஷம் அந்தக் கிணற்றடியிலேயே நின்றோம். முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். எங்கே தப்பு என்று தெரியாமல் திரும்ப ஆரம்பிப்பது தோற்றதற்குச் சமமாம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அதே பேச்சு. நான் தினமும் "வாளியைப் பார்த்தியாண்ணா?" என்பேன். அவன் தினமும் "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வான். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. அவன் தொழில் படிக்க வெளியூர் போனான். எனக்குக் கல்யாணம், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை, பிள்ளைகள். நாளாக ஆக, நல்லது கெட்டதுக்கு மட்டும் போன் பேசிக்கொள்ளும் அண்ணன் தங்கையாகிவிட்டோம்.

போன மாதம் அவனிடமிருந்து போன் வந்தது. "பழைய கேம் எல்லாம் தூசி தட்டி மறுபடி விக்கறாங்க. நம்ம தீவு கிடைச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை வா. நோட்டும் இருக்கு."

இந்தத் தடவை போர்வை பையிலேயே இருக்கும். அது எதற்கு என்று அவனுக்குப் புரியும். உடனே நோட்டைப் பார்ப்பான், கேள்விக்குறியைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். ஒரு கம்பளிப் போர்வைக்காகவா இப்படிப் பயப்படுவது என்று நீங்கள் சிரிக்கலாம். உலகத்தில் அவன் முழுசாக நம்பிய ஆள் நான்தான். அது போய்விடும்.

மூன்று ஞாயிறு போனேன். அண்ணி சிரித்தாள். "என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுங்கன்னா தூக்கம் வருது. தங்கச்சி வந்தா மட்டும் ஐயாவுக்குத் தெம்பு வந்துடுது" என்று டீயை வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் கிணற்றடிக்கு வந்தோம். அண்ணன் பையைத் திறந்தான். சாவி, தீப்பெட்டி, போர்வை. மவுசின் அம்பு போர்வையின் மேல் நின்றது.

"குட்டி, இதைக் கிழிச்சுக் கயிறாக்கினா?" என்றான்.

"அண்ணா, கொஞ்சம் நில்லு" என்றேன். "அந்தப் போர்வையை அப்ப நான்தான் நாய்க்குக் குடுத்துட்டேன். நீ பரீட்சைக்குப் போன அன்னிக்கு. குடுத்துட்டு சேவ் பண்ணிட்டேன்."

"எந்த நாய்?"

"படகுகிட்ட நடுங்குமே, அது."

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஒரு வருஷம்! ஒரு வருஷம் அந்தக் கிணத்தை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்ப ஏன் வாயைத் திறக்கல?" அவன் போட்ட சத்தத்தில் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"முதல்ல பயம். நீ திட்டுவியோன்னு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் மீதியும் வந்துவிட்டது. "அப்புறம் பயம் போயிடுச்சுண்ணா. ஆனா சொன்னா நீ முடிச்சிடுவ. முடிச்சிட்டா பசங்களோட பந்து விளையாடப் போயிடுவ. என்கூட அப்படிப் பேச மாட்டே. அதான் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பும்வரை நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். பாதி நாற்காலியில். மீதியை எனக்கு விட்டிருந்தான்.

போர்வையை அவன் கிழிக்கவில்லை. அந்தப் பெண்ணைத் திருப்பினான். தோட்டத்தைத் தாண்டி, மரப் பாலத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கைச் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்கு நடத்தினான். நாய் அதே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, வேண்டாம். குடுத்துட்டா முடிக்கவே முடியாது."

"தெரியும், சும்மா இரு."

கொடுத்தான். நாய் வாலை ஆட்டிவிட்டுப் போர்வையோடு படகுக்கு அடியில் போய்விட்டது. உடனே சேமிக்கப் போனான். பழைய சேமிப்பு அழிந்துவிடும், பரவாயில்லையா என்று திரை கேட்டது. பரவாயில்லை என்று அழுத்தினான். நோட்டை எடுத்து, அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நாயிடம் இருக்கிறது' என்று எழுதினான். பிறகு அந்தப் பெண்ணை மறுபடி கிணற்றடிக்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"சரி, போர்வை இல்லை" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப எப்படி இறங்கறது? யோசி. அவசரமில்ல. அடுத்த ஞாயிறும் வருவேல்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாளியைப் பார்த்தியாண்ணா?" என்றேன்.